மட்டம் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பாவின் ஜீப் எங்கள் அப்பாவின் கைலியை மூக்கில் மாட்டிக்கொண்டு வந்து நின்ற அன்றுதான், ஒரு வருஷமாகப் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். பேசினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. நடுவில் நான் இருந்தேன்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. யார் யார் காலையோ பிடித்துத் தம்பிக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். சித்தப்பாவோ அதை உதறிவிட்டு, ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பும், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஒரு ஜெனரேட்டரும் வாங்கினார். அன்றோடு பேச்சு நின்றது. திருமுல்லைவாயிலில் ஒரே வீடு, ஒரே சமையல். ஆனாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவரைச் சாப்பிடக் கூப்பிட அப்பா என்னைத்தான் தூது அனுப்புவார். ஒன்பது வயதிலேயே எனக்கு அந்த உத்தியோகம் அலுத்துப்போயிருந்தது.

மறுநாள் நூம்பலில் ஒரு கல்யாணம். சித்தப்பாவுக்கு அதுதான் முதல் ஆர்டர். அதில் கோட்டைவிட்டால் அப்பா சொன்னதுதான் சரி என்றாகிவிடும். ஜெனரேட்டரை ட்ரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் மாட்டி, பக்கத்துக் காலி மனையில் ஓட்டிப் பார்த்தார். பாரமெல்லாம் கொக்கியில் இறங்க, ஜீப்பின் பின்பக்கம் குந்திக்கொண்டது, முன்பக்கம் எகிறிக்கொண்டது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் வண்டி அதுபாட்டுக்கு நேராகப் போய் எங்கள் துணிக்கொடியில் புகுந்தது.

அப்பா கைலியை எடுக்கத்தான் வந்தார். எடுத்துத் தோளில் போட்டவர், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“முன் சக்கரம் தரையில அழுந்தலன்னா ஸ்டியரிங் எப்டி கேக்கும்? ஜெனரேட்டரைப் பின்னால தள்ளி வெக்கச் சொல்லு,” என்றார் என்னிடம்.

“ஒரேடியா கடைசிக்குத் தள்ளிடலாமான்னு கேளு,” என்றார் இரண்டடி தள்ளி நின்ற சித்தப்பா.

“டேய், முன்னால கொஞ்சம் கனம் இருக்கணும்டா. இல்லன்னா ரோட்டுல வாலாட்டிகினு வரும்.”

வழக்கம்போல நான் அதையும் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

ஜெனரேட்டரை ட்ரெய்லர் சக்கரத்துக்கு மேலாக நகர்த்தினார்கள். ஜீப்பின் பின் ஸ்பிரிங்குக்குக் கூடுதலாக ஒரு பட்டை போட்டார்கள். கொக்கியைக் கழற்றி ஒரு துளை கீழே இறக்கினார்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று அளக்கும்போது டேப்பின் நுனி என் கையில். முன்னே பதினெட்டு அங்குலம், பின்னே பதினெட்டு அங்குலம். ஓட்டினால், ஒடித்த பக்கம் சமர்த்தாகத் திரும்பியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்தது.

ஆனால் அப்பா எழுந்திருக்கவில்லை. கால் அங்குலம் உதைக்கிறது என்றார். சித்தப்பாவும் ஆமாம் என்றார். போல்ட்டைக் கழற்றி, துடைத்து, அதே துளையில் மாட்டினார்கள். மறுபடி அளந்தார்கள். அயனம்பாக்கம் ஏரியில் நீந்தப் போய் இருவரும் தாத்தாவிடம் உதை வாங்கிய கதையெல்லாம் நடுவில் வந்தது. பிறகு இன்னொரு முறை கழற்றினார்கள்.

எனக்கோ பசி உயிர் போனது. இப்படிப்பட்ட சோம்பேறி மெக்கானிக்குகளை உலகத்தில் கண்டதில்லை.

“அப்பவே ரெண்டு பக்கமும் பதினெட்டுதான் இருந்துச்சு. ஒரு கோணலும் இல்ல,” என்றேன் உரக்க.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“உனக்கு இன்னா தெரியும்? போய் சோறு துன்னு, போ.”

மறுநாள் ட்ரெய்லர் ஆடாமல் நூம்பல் போய்ச் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பே, அன்று சாப்பிடும்போதே, அப்பாவுக்கு டேப் பார்க்கக்கூடத் தெரியவில்லை என்று அம்மாவிடம் கோள் மூட்டியிருந்தேன். அவர்களையும் சாப்பிடக் கூப்பிட எழுந்த என்னை அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வேலை முடிந்தால் பேச்சும் முடிந்துவிடுமோ என்று இரண்டு பெரிய மனிதர்கள் வெளியே பயந்துகொண்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்?