அறுபது மணி நேரப் பொழுதுபோக்கு

நான் பட்டம் வாங்கியது பொழுதுபோக்கில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் ஒரு முறை சிரித்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். முழுப் பெயர் 'பொழுதுபோக்கு மற்றும் விளையாட்டு இயல்'. மூன்று வருடம், ஆறு செமஸ்டர். ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் கல்லூரி புதிதாகத் தொடங்கிய துறை அது. முதல் செட்டில் நாங்கள் பதினாலு பேர். அந்தப் படிப்பு என்னவென்று எங்களை வைத்துத்தான் அவர்களே கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீடு சாமல்பட்டிப் பக்கம். கொஞ்சம் மாமரம், கொஞ்சம் நிலக்கடலை. பள்ளியில் கோ-கோ ஆடி மாவட்டப் போட்டி வரைக்கும் போயிருந்தேன். அந்தத் திமிரில் இந்தப் படிப்பில்தான் சேருவேன் என்றேன். அப்பா விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பொழுது நமக்கு அதுபாட்டுக்குப் போவுது. இதுக்கு என்னாத்துக்கு மூணு வருசம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் போட்டவர்கள் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. இருந்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்தப் பட்டம் கையில் இருந்தால் மேலே படித்து ஏதாவது ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராகிவிடலாம் என்பது என் கணக்கு. மூன்று வருடத்தில் பட்டம் வராவிட்டால் கல்யாணம் என்பது வீட்டின் கணக்கு. தரகர் அப்போதே என் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சேர்ந்த முதல் நாளே, பட்டம் பெறத் தேவையானவை என்று ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார்கள். இத்தனை கிரெடிட், இத்தனை பாடம், மூன்று விளையாட்டில் நடுவராக நிற்கும் தகுதி, முதலுதவிச் சான்றிதழ், நீச்சலில் தேர்ச்சி, கடைசி செமஸ்டரில் களப்பணி. நீச்சலுக்குக் கல்லூரியில் குளம் கிடையாது. எங்கள் துறைத்தலைவர் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. வகுப்பறை பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, எங்களைக் குப்புறப் படுக்க வைத்து, கையையும் காலையும் அடிக்கச் சொன்னார். ஒருவரும் மூழ்கவில்லை. பதினாலு பேரும் பாஸ்.

மைதானம் இருந்தது. அதில் கல்லூரிப் பேருந்துகள் நின்றன. மாலையில் பேருந்துகள் கிளம்பிய பிறகு, டயர் தடத்துக்கு நடுவே ஓட்டப்பந்தயம் ஓடினோம். 'ஓய்வு நேரத்தின் தத்துவம்' என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு வாரத்தில் ஆறு நாளும் வகுப்பு, சனிக்கிழமை மதியம் டெஸ்ட். துறைத்தலைவர் நாற்காலியை விட்டு எழாமல் உடல் தகுதியின் அவசியத்தைப் பற்றி நோட்ஸ் சொல்வார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதை ஊத வேண்டுமென்றால் முன்வரிசையில் இருப்பவனைக் கூப்பிட்டு ஊதச் சொல்வார். ஊருக்குத்தானே உபதேசம்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்தே தாண்டிவிட்டேன். சிரித்துத் தாண்ட முடியாதது களப்பணி. உழைக்கும் மக்களுக்கு ஒரு பொழுதுபோக்குத் திட்டம் வகுத்து அறுபது மணி நேரம் நடத்த வேண்டும். இருபது பேருக்குக் குறையக் கூடாது. தினமும் அவர்கள் கையெழுத்து வேண்டும், நேரமும் இடமும் பதிவாகும் புகைப்படம் வேண்டும். கடைசியில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் நேரில் வந்து பார்ப்பார். இதில் தவறினால் பட்டம் கிடையாது. அரை மணி நேரம் ஆட்டம், அரை மணி நேரம் அதற்கான தயாரிப்பு, ஆக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளலாம் எனத் துறைத்தலைவர் பெரிய மனது பண்ணினார். அறுபது நாள்.

சிப்காட்டில் ஒரு கம்பெனி கிடைத்தது. வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி. வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசி பெண்கள். அங்கே ஹெச்.ஆர். அதிகாரி தினமும் பெங்களூரிலிருந்து வருகிறவர். நான் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றார். அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தொழிலாளர் நலனுக்கு என்ன செய்தீர்கள், போட்டோ அனுப்புங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் வேலை நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் தர மாட்டார். காலை ஆறு மணி ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டே காலுக்குக் கம்பெனி பஸ். ஒரு லைனில் வேலை செய்யும் இருபது பெண்களின் பஸ்ஸை மட்டும் இரண்டே முக்காலுக்குத் தள்ளிவைத்தார். அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "பஸ்ஸை நிறுத்திட்டா எல்லி ஹோக்தாரெ, மேடம்?" என்றார். எங்கே போய்விடுவார்கள் என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எங்கேயும் போகவில்லை, வந்தார்கள். முதல் வாரம் எலுமிச்சை ஸ்பூன், பலூன் ஊதுதல், பந்து கடத்துதல் என்று பாடப் புத்தகத்தில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். என் கையில் பலூன் பாக்கெட்டைப் பார்த்ததும் அவர்கள் முகம் போன போக்கை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அழுகை வந்தது. எலுமிச்சையை வேண்டுமென்றே முதல் அடியிலேயே கீழே போட்டார்கள். போட்டவள் அவுட், அவுட்டானவள் சுவரோரம் போய் உட்காரலாம். அவுட்டாவதில் அவ்வளவு வேகமான ஆட்டக்காரர்களை நான் கோ-கோவில்கூடப் பார்த்ததில்லை.

அதற்கும் நான் மருந்து கண்டுபிடித்தேன். உட்காருவதையே பரிசாக்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறதே, மியூசிக்கல் சேர். பயிற்சி ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்தொன்பதை வட்டமாகப் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால் பத்தொன்பதிலும் ஆள். இருபதாவது ஆள் ஓர் அக்கா. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். பக்கத்திலிருந்த இருவர் ஒதுங்கி நாற்காலிகளை ஒட்டிப்போட, அவரும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். பாட்டைப் போட்டேன். ஒருவரும் எழவில்லை. குத்துப் பாட்டு முழுதாக ஓடி முடிந்தது. எழுந்து சுற்ற வேண்டும் என்று விதியை விளக்கினேன்.

அந்த அக்காதான் பேசினார். "எட்டு மணி நேரம் நிக்கிறோம் பாப்பா. லைன்ல ஸ்டூல் போட விட மாட்டாங்க. ஒக்காந்தா கை மெதுவாகிருமாம். இப்ப ஒன் பாட்டுக்கும் நிக்கணுமா?"

ஹாலில் நின்றுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். விதிப்படி பார்த்தால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியவள் நான்.

போகவில்லை. எனக்கு அறுபது மணி நேரம் வேண்டும். அன்றைக்குப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இரண்டு மணிக்கு நாற்காலி போடுவேன். அவர்கள் உட்காருவார்கள். நடுவில் இரண்டு நிமிடம் எழுந்து கையைத் தூக்கிச் சிரிப்பார்கள், நான் போட்டோ எடுத்துக்கொள்வேன். மீதி நேரம் அவரவர் இஷ்டம். ஒருத்தி காலை எதிர் நாற்காலியில் நீட்டித் தூங்குவாள். ஒருத்தி தெலுங்கில் ஊருக்குப் போன் பேசுவாள். தலை வாருவது, சீட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டுவது, லைன் வீட்டுத் தண்ணீர்ச் சண்டை எல்லாம் உண்டு. நானும் கூட உட்கார்ந்து கதை கேட்பேன். பதிவேட்டில் மட்டும் 'இசை நாற்காலி, அனைவரும் உற்சாகத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதுவேன். மூன்று வருடப் படிப்பில் உண்மையான பொழுதுபோக்கு என்று நான் நடத்தியது அது ஒன்றுதான். அதைத்தான் பதிவேட்டில் எழுத முடியவில்லை.

ஒரு நாள் அந்த அக்கா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். அவர் மகளைப் பள்ளி வேன் மூன்றேகாலுக்கு வீட்டு வாசலில் இறக்கிவிடும். பழைய பஸ் நேரமென்றால் மூன்று மணிக்கே போய்விடுவாராம். இப்போது மூன்றரை ஆகிறது. அந்தக் கால் மணி நேரம் பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும், ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பஸ்ஸைப் பழைய நேரத்துக்கே விடச் சொல்லி நான் ஹெச்.ஆரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லையென்றால் தரகர். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தவர் பிள்ளை காத்திருக்கும்போது கால் மணி நேரம் சின்னதாகத்தான் தெரிகிறது.

தேர்வாளர் வருவதற்கு முதல் நாள், இருபது பேர் முன்னாலும் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். நாளைக்கு நிஜமாகவே ஆட வேண்டும், ஆடாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை என்றேன். ஒரே ஒரு நாள்தானே என்று அந்த அக்கா கேட்டார். ஒரே நாள்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

மறுநாள் துறைத்தலைவர், தேர்வாளர், ஹெச்.ஆர். அதிகாரி மூவரையும் ஹாலுக்கு முன்னால் சோபாவில் உட்கார வைத்தார்கள். நான் பாட்டைப் போட்டேன். இருபது பேரும் எழுந்தார்கள். எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு ஓடினார்கள். ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள், கூச்சல் போட்டார்கள், நாற்காலியோடு சேர்ந்து விழுந்து எழுந்தார்கள். ஓர் ஆட்டம் போதும் என்று நான் நிறுத்தப் போனபோது அந்த அக்கா இன்னொன்று போடச் சொன்னார். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். போட்டேன். தேர்வாளர் ஹெச்.ஆர். பக்கம் சாய்ந்து, வேலை முடிந்த பிறகும் உங்கள் ஆட்களிடம் இவ்வளவு சக்தி மிச்சமிருக்கிறதே என்றார். ஹெச்.ஆர். அதைக் கேட்டுப் பூரித்துப்போனார். எனக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கருத்துப் படிவம் எங்கே என்று துறைத்தலைவர் கேட்டார். பங்கேற்ற ஒவ்வொருவரும் பதினைந்து கேள்விக்குப் பதில் எழுதித் தர வேண்டுமாம். நாளை காலை பதினோரு மணிக்குள் வேண்டுமாம். அவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்களே என்றேன். இதற்கெல்லாமா அவர்களைத் தொந்தரவு செய்வது, நீயே போட்டுக்கொண்டு வா என்றார். ஹாஸ்டலில் உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாவில், இடது கையும் வலது கையுமாக இருபது படிவம் நிரப்பினேன். இந்த நிகழ்ச்சி புத்துணர்ச்சி அளித்ததா? ஆம். தொடர்ந்து நடத்த விரும்புகிறீர்களா? ஆம். இதற்காகக் கூடுதல் நேரம் ஒதுக்கத் தயாரா? ஆம். எழுத எழுதக் கை தானாக ஓடியது. வகுப்பில் பதினாலு பேரும் இப்படித்தான் செய்தோம். பெஞ்சில் நீந்தியவர்களுக்கு இதுவா பெரிது.

இரண்டு வாரம் கழித்து, களப்பணி முடித்த சான்றிதழை வாங்கக் கம்பெனிக்குப் போனேன். கேண்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டு முன்னால் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். வரும் மாதம் முதல் எல்லா லைனுக்கும் ஷிப்ட் முடிந்து அரை மணி நேரம் விளையாட்டு, எல்லோரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும், எல்லா பஸ்ஸும் இனி இரண்டே முக்காலுக்கு என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டியிருந்தார்கள்.

"பாஸாயிட்டியா?" என்றார். ஆகிவிட்டேன் என்றேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டார், கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போர்டைக் காட்டி, "அப்ப இத நிப்பாட்டச் சொல்லு. நீ சொன்னா கேப்பாக" என்றார்.

போனேன். ஹெச்.ஆர். அதிகாரி காபி வரவழைத்தார். நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நான் நிரப்பிய படிவங்களின் நகல், துறைத்தலைவர் அனுப்பிவைத்தது. "நீங்க குடுத்ததுதானே மேடம். இருபதுக்கு இருபது பேரும் வேணும்னு எழுதியிருக்காங்க. இதை ஹெட் ஆபீஸ் வரைக்கும் அனுப்பியாச்சு" என்றார். இதெல்லாம் நான் எழுதியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மதிப்பெண் போகும், பட்டம் போகும். காபியைக் குடித்தேன். நன்றி சொல்லிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் இன்று மேற்படிப்பு படிக்கிறேன்.

அக்கா பஸ்ஸுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். அவரிடமாவது பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. படிவம், பேனா, இரண்டு கை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் திட்டவில்லை. தன் பெயருக்கும் நானே எழுதினேனா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பஸ் படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இருவது பேர்ல ஒருத்திக்காச்சும் இல்லன்னு போட்டிருக்கலாம்ல பாப்பா? எனக்காச்சும்."