அரை அங்குல மேடு

உள்ளறையில் மறுபடியும் 'தொப்'பென்று சத்தம் கேட்டது.

ரெக்சின் அக்கா தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு முனகல். பிறகு ஸ்டூலின் கால் தரையில் உரசும் ஓசை. அப்பாடா, எழுந்துவிட்டார்!

"என்னங்க, போதும். உட்காந்து எந்திரிச்சது போதும். குஸ்திக்கா போகப் போறீங்க?"

"குஸ்திக்கு இல்லடி, படகுக்கு!" என்றது உள்ளேயிருந்து குரல். "என் சீட்டு தைச்சு முடிஞ்சுதா?"

"ஓரத் தையல் மட்டும் பாக்கி."

ஸ்கூட்டர் சீட், சோபா, சலூன் நாற்காலி என்று கிழிந்த எதையும் தைத்துக் கொடுப்பதால் தெருவே அவளை 'ரெக்சின் அக்கா' என்றுதான் கூப்பிடும். அந்த மெஷினைக் கடையிலிருந்து தோளில் சுமந்துகொண்டு வந்தவர் கணவர்தான். அன்றைக்கு அவருக்கு அப்படியொரு முதுகு இருந்தது.

அவர் ஒரு பழைய மோட்டார் படகின் டிரைவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரிலுள்ள தீவுக்குப் போய்வருவார். அந்தப் படகின் சீட்தான் அவரை ஒடித்தது. மேலே பார்த்தால் ரெக்சின் பளபளத்தது. உள்ளே தையல் ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கி இறங்கி, பலகை நனைந்த அட்டைப்பெட்டியாகிக் கிடந்தது யாருக்குத் தெரியும்? ஒருநாள் பெரிய அலையில் படகு எகிறி விழுந்தது. பலகை பிளந்தது. அடியிலிருந்த இரும்புக் காலின் மேல் அவர் போய் விழுந்தார். அன்று படுத்தவர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த படகு முதலாளியிடம் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எல்லா சீட்டையும் நானே பலமா செஞ்சு தர்றேங்க. அவர் எந்திரிச்சதும் பழைய வேலையைக் குடுத்துடுங்க."

"செய்யும்மா, பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

அந்தப் 'பாத்துக்கலாம்' என்ற ஒரு சொல்லைத்தான் அவள் மடியில் முடிந்து வைத்திருந்தாள்.

பயணிகள் உட்காரும் சீட்டுகளெல்லாம் முடிந்து போய்விட்டன. டிரைவர் சீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். தண்ணீர் ஏறாத பிளைவுட், விளிம்பெல்லாம் ஈரம் புகாமல் ரெசின் பசைப் பூச்சு, அடியில் குறுக்குச் சட்டங்கள், துருப்பிடிக்காத திருகாணிகள், தண்ணீர் வடிய ஓட்டைகள். யானை உட்கார்ந்தாலும் அசையாது.

ஸ்பாஞ்ச் ஒட்டும் முன், உட்காரப் போகிறவரையே வெறும் பலகையில் உட்காரவைத்துச் சாக்பீஸால் கோடு போடுவது அவள் பழக்கம். கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படுக்கையிலேயே கிடந்ததில் இடது தொடையில் சதை வற்றிப்போயிருந்தது. அந்த இடத்தில் அரை அங்குலம் கூடுதலாக ஸ்பாஞ்ச் வைத்து மேடு கட்டினாள். உலகத்திலேயே ஒரே ஒரு மனிதருக்குப் பொருந்துகிற மேடு!

கதவு தட்டும் சத்தம். கொழுந்தன். அண்ணனோடு அதே படகில் கயிறு பிடிக்கிற வேலை அவனுக்கு. தாயில்லாமல் அவள் கைச்சோற்றில் வளர்ந்தவன். வந்ததும் வராததுமாக வம்பு இழுக்கிறவன், இன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, மாப்பிள்ளை வீட்டார் முன்னால வந்த பொண்ணு மாதிரி குனிஞ்சு நிக்கிறே?"

"முதலாளி சீட்டை எடுத்துட்டு வரச் சொன்னார் அண்ணி."

"இதோ, முடிஞ்சிருச்சு. கொஞ்சம் உட்காரு. உங்கண்ணனைவிட நீதான் கனம். தாங்குதான்னு பார்ப்போம்."

அவன் உட்கார்ந்தான். கைகள் தாமாகவே முன்னால் நீண்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. நெளிந்தான்.

"நல்லா பலமா இருக்கு அண்ணி. ஆனா இடது பக்கம் தூக்கலா இருக்கே. நாள் பூரா உட்காந்தா எனக்கு…"

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"உனக்கா?" என்றாள் அவள்.

"சத்தியமா நான் கேக்கல அண்ணி!" அவன் குரல் தேய்ந்தது. "அண்ணனால இனிமே படகு ஓட்ட முடியாதுன்னு டாக்டர் முதலாளிகிட்ட சொல்லிட்டாராம். நாளையிலேருந்து நீ ஓட்டுன்னார் முதலாளி. மாட்டேன்னேன். அப்போ வெளியாளைப் போடுறேன்னார்."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே, தம்பி."

"உங்க மூஞ்சியைப் பார்த்து யாரு அண்ணி சொல்றது?"

உள்ளே 'தொப்.' முனகல். ஸ்டூலின் உரசல்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அழுதால் உள்ளே கேட்கும். அந்தச் சீட்டைத் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது. ஆனால் கோணலாக உட்கார்ந்து நாளெல்லாம் அலையில் அடிபட்டால் இந்தப் பிள்ளைக்கும் இடுப்பு போகும்.

"எந்திரி" என்றாள்.

தைத்த ஓரத்தைத் தானே பிரித்தாள். ரெக்சினை மடக்கிவிட்டு, கத்தியை எடுத்து மேட்டைச் சீவினாள். ஸ்பாஞ்ச் துண்டு துண்டாகக் காலடியில் விழுந்தது.

"வேண்டாம் அண்ணி, நான் அப்படியே உட்காந்துக்கறேன்…"

"வாயை மூடு. இந்த வீட்டுல ஒடிஞ்ச முதுகு ஒண்ணு போதும்."

மெஷின் மறுபடி ஓடியது. கண்ணீர் மறைத்ததில் ஒரே ஓர் இடத்தில் தையல் வளைந்தது. அவள் வாழ்நாளில் தைத்த முதல் கோணல் தையல். அதை அப்படியே விட்டுவிட்டாள்.

கொழுந்தன் சீட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"தம்பியா வந்திருக்கான்?" உள்ளேயிருந்து மூச்சு வாங்க, சந்தோஷமாக வந்தது குரல். "டேய், எங்கேயும் இடிக்காம கொண்டு போடா. நான் உட்காரப் போற சீட்டு அது!"

அவன் அண்ணியைப் பார்த்தான். பதில் சொல்லு என்பதுபோல் அவள் கையை அசைத்தாள்.

"சரிண்ணா."

"அண்ணி…" என்று அவளிடம் ஏதோ தொடங்கினான்.

"போ, தம்பி. முதல்ல இங்கிருந்து போ."

சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வெளியேறினான். படியில் அவன் காலடி இறங்கிப் போகும்வரை நின்றாள். உள்ளே ஸ்டூல் மறுபடி உரசியது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.