வீட்டைப் பார்த்த கொடி

வெள்ளவத்தை ஓவிய வகுப்பில் இருக்கிற கொடியைப் பார்த்து வரையாமல், ஆளுக்கொரு தேசியக்கொடியைச் சொந்தமாகக் கற்பனை செய்து உருவாக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்தவர் கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். நீலப் பெயின்ட் பட்ட விரலால் மூக்குக்கண்ணாடியை ஓயாமல் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்ததில் மூக்கெல்லாம் நீலமாகியிருந்தது. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, பெயின்ட்டில் தோய்த்து, மெல்லிய வெள்ளைத் துணி முழுக்கப் பூப்பூவாக அச்சிட்டார். வகுப்பிலேயே அழகான கொடி அதுதான்.

மறுவாரம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். பல்கனியில் கொடி தொங்கியது. அச்சிட்ட பக்கம் வீட்டைப் பார்த்திருந்தது. வீதிக்குத் தெரிந்தது, துணியில் ஊறி வந்த மங்கல் நீலம்தான்.

“அண்ணை, கொடி மாறித் தொங்குது.”

“இல்லை, சரியாத்தான் போட்டனான்.”

“ரோட்டில போறவைக்கு ஒண்டும் தெரியேல்லையே?”

“தெரிஞ்சா, இது எந்த நாட்டுக் கொடியெண்டு கேப்பினம். நான் என்ன சொல்றது?”

என் கொடி இன்னும் மேசையில் கிடக்கிறது. எந்தப் பக்கத்தை வெளியே காட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.