அணைக்காமல் கொண்டுபோன வண்டி

என் வலது காலுக்குத் தைரியம் போதாது என்று எங்கள் வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் என் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு மேல் அப்பீல் கிடையாது.

திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி மாதவரத்துப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கினோம். லைசென்ஸ் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டிப் பழகினேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று சோர்ந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. மஞ்சள் விளக்கு ஒன்று வேறு எரியும்.

"இன்னாமே, பயமா கீதா? நல்லா மிதி!"

"மிதிச்சிகினுதான் கீறேன்!"

"எங்க மிதிக்கிற? வண்டியே லைட்டு போட்டு சொல்லுது பாரு."

ஓரங்கட்டி, வண்டியை அணைத்து, இடம் மாறுவோம். அவர் சாவியைத் திருகுவார். விளக்கைக் காணோம், வண்டி பிய்த்துக்கொண்டு போகும். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும். மெக்கானிக்கிடம் காட்டினாலும் இதே கதைதான். அங்கே நிறுத்திக் கிளப்பினால் பரம சாதுவாக ஓடும். கடைசியில், "ஒனக்கு சரிப்படாது, வித்துடலாம்" என்று புரோக்கரை வரச் சொல்லிவிட்டார். மறுபடியும் அந்த இரண்டு பஸ்ஸா என்று நினைத்தாலே கசந்தது.

அந்த வாரம் ஒருநாள் பிடிவாதமாகத் தனியே பள்ளிக்கு ஓட்டிப் போனேன். திரும்பும்போது வண்டி சோர்ந்தது. கோபத்தில் நிறுத்தி, ஒரு இளநீர் குடித்துவிட்டுக் கிளப்பினேன். பாய்ந்தது! கால் அதே கால்தான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவர் ஓட்டியதால் சரியாகவில்லை; அணைத்துக் கிளப்பியதால் சரியாகியிருக்கிறது. வீட்டில் சொன்னேன். சிரித்தார்.

புரோக்கர் வரவேண்டிய ஞாயிறு காலை, கடைசியாக ஒரு சுற்று என்று இருவரும் கிளம்பினோம். எண்ணூர் சாலையில் வண்டி மறுபடி சோர்ந்தது. "ஓரங்கட்டு" என்றார். "முடியாது" என்றேன். பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்து மானத்தை வாங்க, ஊர்ந்து ஊர்ந்து தண்டையார்பேட்டை மெக்கானிக் கடை வரைக்கும் ஓட்டிவந்தேன். அணைக்கச் சாவியைத் தொடப்போன கணவர் கையைத் தட்டிவிட்டேன். "அணைக்காம அப்டியே நீங்க ஓட்டிக் காட்டுங்க."

இடம் மாறினோம். மிதித்தார். தரையோடு தரையாக மிதித்தார். மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று சரக்கோடு எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடை வாசலுக்குத் திரும்பியதும், ஓடுகிற என்ஜினிலேயே மெக்கானிக் மீட்டரை வைத்து ஒரு ஒயரை ஆட்டினார். முள் துள்ளியது.

"த்ராட்டில் சென்சாருதான்க்கா, நீ எவ்ளோ மிதிக்கிறன்னு அளந்து சொல்றது. உப்புக்காத்து பட்டு அதோட ஒயரு பிளக்குல பச்சக் களிம்பு புடிச்சிகீது. அது தப்புக் கணக்கு குடுத்தா வண்டில கீற கம்ப்யூட்டரு நம்பாது, பவர கொறச்சிடும். ஆஃப் பண்ணிப் போட்டா திருப்பி நம்பும்." என் கணவர் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, நீ ஏறச்சொல்லோ எல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஏறுனியா?"

"ஆமா" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

பிளக்கைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் வண்டி சீறியது. அவர் செல்போனை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டார்.

"வர வேணாம்பா. வண்டி விக்கல." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "நான் எங்க ஓட்றேன்? எங்க வூட்டு டீச்சரம்மா ஓட்றாங்க. பின்னால அத்தினி லாரி கத்திச்சி, அசையலியே!"