அன்ரியின் வாக்கு

இன்று காலை எங்கள் புறநகரான கிரவீனில் ஓட்டுப் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சிவம் அங்கிள், சட்டைப்பையில் சொந்தப் பேனாவுடன்.

"இங்க வைச்சிருக்கிற பென்சிலால போட்டா அழிச்சுப்போடுவாங்கள். மேசையில இருக்கிறதும் சின்னப் பிள்ளையள். அதுகளுக்கு என்ன தெரியும்?"

ஒரு மாதமாக எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இதே பாட்டுத்தான்.

மேசையில் இருந்தவள் எங்கள் தெருத் துளசி. பதினெட்டு வயது, முதல் தேர்தல் வேலை. அங்கிளின் பெயரைச் சரிபார்த்து அவருடைய வாக்குச்சீட்டைக் கொடுத்தாள்.

அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, அன்ரிக்கு முழங்கால் நோ, காருக்குள்ள இருக்கிறா. அவவின்ர சீட்டையும் தாரும், நானே போட்டுவிடுறன்."

"சொரி அங்கிள், அது ஏலாது."

"நான் உம்மட அப்பாவின்ர சிநேகிதன் எண்டு தெரியாதோ?"

"ஓம், தெரியும் அங்கிள். ஆனா அன்ரிதான் போடவேணும். நாங்களே காருக்குக் கொண்டு வாறம்."

நான் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது துளசியும் அவளுடைய மேலதிகாரியும் கார் அருகே நின்றார்கள். உள்ளே அன்ரி, மடியில் சீட்டு, கையில் பென்சில். அங்கிள் எட்டிப் பார்க்கக் குனிந்தார். அன்ரி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"முப்பது வருசமா நான் சொன்ன ஆளுக்குத்தான் போட்டவ," என்றார் அங்கிள் என்னிடம், பாவமாக. "இண்டைக்கு ஆருக்குப் போட்டாவோ?"

மதியம் குழுவில் அவருடைய செய்தி வந்தது: "இந்த முறை என்ர வீட்டிலயே ஒரு வாக்கு களவு போயிட்டுது."

அதற்கு முதல் ஆளாக இதயம் போட்டிருப்பவர் அன்ரி. நானும் ஒன்று போடலாமா, சொல்லுங்கள். நாளைக்கும் நான் அங்கிள் முகத்தில் விழிக்க வேண்டும்.