வால்புர்கா எந்தப் பக்கம்?

ஸ்வேபியாச் சீமையின் அந்தச் சின்ன ஊருக்கு இருந்தது ஒரே கோயில். எட்டு மணி வரை கத்தோலிக்கருக்குப் பூசை, பிறகு லூத்தரன்களுக்கு ஆராதனை. இரு பக்கமும் முப்பது வருடம் வெட்டிக்கொண்டு மாண்டபின் செய்த சமாதானம் அது. நடுவில் மணியடித்து, லூத்தரன்களுக்கு ஆகாத மாதா சிலையைத் திரைபோட்டு மறைத்து, இந்தக் கூட்டத்தை வெளியேற்றி அந்தக் கூட்டத்தை உள்ளே விடுவது வால்புர்காவின் வேலை. கோயில்பிள்ளையாக இருந்த புருஷன் காய்ச்சலில் போனதும் மணிக்கயிறும் மணிக்கூண்டை ஒட்டிய ஓரறை வீடும் அவளுக்கு வந்தன.

பூசையிலும் நிற்பாள், ஆராதனையிலும் நிற்பாள். முட்டி போடச் சொன்னால் போடுவாள், பாடச் சொன்னால் தொண்டை கிழியப் பாடுவாள். அவள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஈஸ்டருக்கு முன்னால் எவரோ கிளப்பிவிட, ஊர்ச்சபை அவளைக் கூப்பிட்டது. சபையில் இரு பக்கத்தாரும் சரிபாதி.

"மழுப்பாம சொல்லும்மா. நீ எங்க ஆளா, அவங்க ஆளா?" என்றார் கத்தோலிக்கரான தோல் வியாபாரி ஹீரோனிமுஸ்.

"மாதா சிலைக்குத் தூசி தட்டுறப்போ கும்பிடுறியாமே?" என்று முறைத்தார் லூத்தரன் பக்கத்து ரொட்டிக்கடைத் தோபியாஸ்.

எந்தப் பக்கம் சொன்னாலும் மறுபக்கம் வீட்டைப் பிடுங்கும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"லூத்தரன் எல்லாரும் நரகத்துக்குத்தான் போவாங்கன்னு சாமியாரு சொல்றாரு. கத்தோலிக்கர் எல்லாரும் நரகத்துக்குத்தான்னு அதே மேடையில நின்னு போதகரு சொல்றாரு. ரெண்டு பேரும் படிச்சவங்க. நான் ரெண்டு பேரையும் நம்புறேன் ஐயா."

எதிலும் ஒத்துப்போகாத சபை அன்று ஒரே மனதாக அவளைத் துரத்தியது. வால்புர்கா தங்கை வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று வழியெல்லாம் அழுதாள்.

புதுக் கோயில்பிள்ளை யார் ஆளாக இருக்க வேண்டும் என்று சபை மல்லுக்கட்டியது. முடிவாகவில்லை. ஞாயிறன்று மணியடிக்க ஆளில்லாமல் சாமியார் பூசையை இழுத்துக்கொண்டே போனார். குளிரில் காத்திருந்த லூத்தரன்கள் கதவை முட்டித் தள்ளி உள்ளே நுழைந்தார்கள். தோபியாஸுக்குப் பல் போயிற்று. ஹீரோனிமுஸுக்குக் கண் வீங்கியது.

மத்தியானம் இருவரும் கொட்டகை வாசலில் நின்றார்கள்.

"வந்து மணியடி தாயி. நீ எந்தப் பக்கமோ, எங்களுக்கு அது வேண்டாம்," என்றார் ஹீரோனிமுஸ்.

"வீடு?"

"சாகுற வரைக்கும் உன்னுதுதான்," என்றார் தோபியாஸ், பல் போன வாயைப் பொத்தியபடி.

வால்புர்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல், கிடந்த ஒரே குட்டைப் பெஞ்சைக் காட்டினாள். இருவரும் அசையவில்லை.

"ரெண்டு பேரும் சேந்து உக்காருங்க. அப்பத்தான் வருவேன்."

தொடை இடிக்க உட்கார்ந்தார்கள். அவள் துணிமணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள், அவசரமே இல்லாமல்.