முதல் பிடி அரிசி

ஹாலிஎல ஆற்றோர மில்லைக் கட்டியது எந்தத் துரை என்று இப்போது யாருக்கும் தெரியாது. முதலில் ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றியது, பிறகு டீசல் எஞ்சின் வந்தது, இப்போது கரண்ட். சக்கரம் துருப்பிடித்துக் கொடி படர்ந்து கிடக்கிறது. ஆயுத பூசை வழக்கம் மட்டும் மாறவில்லை. மில்லைக் கழுவிப் பொட்டு வைத்து, அங்கே வேலை செய்யும் ஒரு பெண் முதல் பிடி அரிசியைப் போடுவாள். அந்த மாவில்தான் கோயிலுக்கு மாவிளக்கு.

அந்தக் கை பல வருசமாகச் சிவசக்தியின் கை. மிளகாய் அரைத்த கல்லில் தவிடு போட்டு ஓட்டிச் சுத்தம் பண்ணாமல் யாருடைய அரிசியையும் அவள் தொடமாட்டாள். "சிவசக்தி அரைச்ச மாவுல காரமே இருக்காது" என்று தெமோதரைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்துகூடத் தேடி வருவார்கள்.

அப்புறம் மில் வேலைக்கு வந்து சேர்ந்தாள் தயானி, சிவசக்தியின் கொழுந்தன் பெண்டாட்டி. சிரிச்ச முகம். கொஞ்ச நாளிலேயே வருகிற சனமெல்லாம் "தயானி இல்லையா?" என்று கேட்டால் வயிறு எரியாதா? எரிந்தது. இந்த வருசம் முதலாளியும், "இந்தத் தடவை தயானி போடட்டுமே" என்று சொல்லிவிட்டார். சிவசக்திக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பூசைக்கு முதல் நாள் கடைசியாக அரைத்தது மிளகாய். தவிட்டுச் சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் தொடவே இல்லை. வெளியே மட்டும் பளபளவென்று துடைத்தாள். கோயில் மாவாச்சே என்றுகூட யோசிக்கவில்லை, பாவி மனுசி. "நாளைக்குச் சிரிக்கட்டும் பாப்போம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கற்பூரம் காட்டியாயிற்று. ஊரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. தயானி அரிசித் தட்டை எடுத்தாள். நேரே சிவசக்தியிடம் வந்தாள்.

"நீங்க போடுங்கக்கா. நீங்க இருக்கையில நான் போட்டா நல்லாவா இருக்கும்? மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

"வேணாம்டி, நீயே போடு."

"அட, வெக்கத்தப் பாரு! போடுங்கக்கா."

முதலாளி சுவிட்சைப் போட்டார். இத்தனை பேர் பார்க்கையில் என்னவென்று சொல்வாள்? போட்டாள். மாவு சிவப்பாக விழுந்தது. முன்னால் நின்றவர் தும்மினார். பிறகு எல்லாரும் தும்மினார்கள்.

"அய்யய்யோ அக்கா, தவிடு ஓட்ட மறந்துட்டீங்களா?" தயானி நிஜமாகவே பரிதாபப்பட்டாள். அதைத்தான் சிவசக்தியால் தாங்க முடியவில்லை.

"மறந்துட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அரிசியோடு வந்த இராக்கம்மா மில் வாசலிலேயே நின்றுவிட்டாள். "கல்லு சுத்தமா இருக்கா சிவசக்தி? இல்ல, தயானி வர்ற வரைக்கும் நிக்கவா?"